ஆட்டோஹாட்கீ, பவர் ஆட்டோமேட் போன்ற கருவிகளை நம்பி நிறுவலாமா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். ஆடிட்டர் அலுவலகம் ஒன்றில் வேலை. நிரல் எழுதிப் பழக்கமில்லை. வாடிக்கையாளர்கள் அனுப்பும் பில் பிடிஎஃப்களுக்குப் பெயர் மாற்றி அந்தந்த ஃபோல்டரில் போடுவது, ஒரே மாதிரி மின்னஞ்சலை ஆளுக்கு ஆள் அடிப்பது, எக்செலில் இருப்பதைப் பார்த்துக் கணக்கு மென்பொருளில் ஏற்றுவது என்று பாதி நாள் இதிலேயே போய்விடுகிறது. நண்பர் ஒருவர், விண்டோஸில் விசை அழுத்துவது போன்ற வேலைகளைத் தானாக நடக்கவிடும் ஆட்டோஹாட்கீ என்ற கருவி பற்றிச் சொல்லி, தான் அதில் செய்து வைத்திருந்த ஒரு இஎக்ஸ்இ கோப்பையும் (திறந்தால் நேராக ஓடும் நிரல்) பென் டிரைவில் கொடுத்தார். திறந்ததும் ஆன்டிவைரஸ் தடுத்துவிட்டது. இந்தக் கருவிகள் பாதுகாப்பானவையா, மைக்ரோசாஃப்ட்டின் இதே வகைக் கருவியான பவர் ஆட்டோமேட் இதைவிட மேலா, கற்றுக்கொள்ளும் நேரத்துக்குப் பலன் உண்டா என்பது கேள்வி.

என் பதில்: ஆட்டோஹாட்கீ, பவர் ஆட்டோமேட் இரண்டுமே நம்பத் தகுந்த கருவிகள். கற்றுக்கொண்டால் பலன் உண்டு. ஆனால் நண்பர் கொடுத்த அந்த இஎக்ஸ்இ கோப்பை ஓட்டாதீர்கள். நண்பர் கெட்டவர் என்பதற்காகச் சொல்லவில்லை. அதற்குள் என்ன இருக்கிறது என்று உங்களால் வாசித்துப் பார்க்க முடியாது, அதனால்தான். தானியக்கத்தில் நான் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் விதி அது ஒன்றுதான்: வாசிக்க முடியாததை ஓட்டக் கூடாது.

முதலில் ஆன்டிவைரஸ் ஏன் தடுக்கிறது என்று பார்ப்போம். ஆட்டோஹாட்கீ 2003இல் கிறிஸ் மாலெட் என்பவர் தொடங்கிய திறமூல மென்பொருள். மூல நிரல் எல்லாருக்கும் திறந்தே கிடக்கிறது. அதில் எழுதுகிற ஸ்கிரிப்ட், அதாவது செய்ய வேண்டியதைச் சொல்லும் கட்டளை வரிகள், வெறும் எழுத்துக் கோப்பு. நோட்பேடில் திறந்து படிக்கலாம். அந்த ஸ்கிரிப்டை இன்னொருவருக்குச் சுலபமாகக் கொடுக்க, அதை வாசித்து ஓட்டும் ஆட்டோஹாட்கீயின் இயக்கியையும் ஸ்கிரிப்டையும் ஒட்டி ஒரே இஎக்ஸ்இ ஆக்கும் வசதியும் உண்டு. சிக்கல் இங்கேதான் வருகிறது. நல்லவர் செய்த இஎக்ஸ்இயிலும் திருடன் செய்த இஎக்ஸ்இயிலும் பெரும்பகுதி அதே இயக்கிதான். உள்ளே ஒட்டியிருக்கும் சில வரிகள் மட்டும் வேறு. யார் செய்தது என்று காட்டும் டிஜிட்டல் கையொப்பமும் பெரும்பாலும் இருக்காது. போதாததற்கு, விசைப்பலகையில் அழுத்துவதையெல்லாம் கவனிப்பது, தானே விசைகளை அழுத்துவது, கிளிப்போர்டைப் படிப்பது என்று அது செய்யும் வேலை அத்தனையும் உளவு மென்பொருள் செய்கிற வேலைகளே. ஆன்டிவைரஸ் சந்தேகப்படுவதில் நியாயம் இருக்கிறது.

அந்தச் சந்தேகத்துக்கு வரலாறும் உண்டு. 2018இல் சைபரீசன் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஃபாக்ஸ்பெர்ஸ்கி என்று பெயரிட்ட ஒரு கீலாகரை, அதாவது அடிப்பதைத் திருடும் நிரலை, கண்டுபிடித்தார்கள். முழுக்க ஆட்டோஹாட்கீயில் எழுதப்பட்டது. காஸ்பர்ஸ்கி ஆன்டிவைரஸ் போல வேடம் போட்டுக்கொண்டு, பென் டிரைவ் மூலம் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவி, அடித்த எழுத்துகளையெல்லாம் சேர்த்து, ஒரு கூகுள் ஃபார்ம் வழியாக அனுப்பிவிடும். எழுதியவர் பெரிய கில்லாடி என்று சொல்ல முடியாது. தொடங்குகிறவர்கள் கையாளும் கருவியை வைத்தே அதைச் செய்ய முடிந்தது என்பதுதான் கவனிக்க வேண்டியது.

இன்னும் பின்னால் போனால் 2000 மே மாதத்து ஐ லவ் யூ வைரஸ். மணிலாவில் புறப்பட்டு சில மணி நேரங்களில் உலகம் முழுக்கப் பரவியது. அது வெறும் விபிஸ்கிரிப்ட் கோப்பு. சாதாரண ஆட்களும் விண்டோஸில் சின்னச் சின்ன வேலைகளைத் தானாக நடக்கவிட வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் கொடுத்த வசதி அது. கோப்பின் பெயர் டிஎக்ஸ்டி என்று முடிவது போலத் தெரியும். பெயரின் கடைசியில் கோப்பின் வகையைச் சொல்லும் எக்ஸ்டென்ஷனை விண்டோஸ் மறைத்துவிட்டதால் விபிஎஸ் என்பது கண்ணில் படவில்லை. ஆட்கள் காதல் கடிதம் என்று நம்பித் திறந்தார்கள். இன்றைக்கும் விண்டோஸ் எக்ஸ்டென்ஷன்களை மறைத்துத்தான் வருகிறது. ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் வியூ பகுதிக்குப் போய், ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதை இன்றே இயக்கிவிடுங்கள். அரை நிமிட வேலை.

எக்செல் கோப்புக்குள்ளேயே வைக்கும் சின்ன நிரலான மேக்ரோவும் இதே வழியில் வந்ததுதான். மேக்ரோ வைத்த இன்வாய்ஸ் கோப்புகள் அனுப்பி அலுவலகங்களைப் பிடிப்பது பல வருடங்கள் நடந்தது. கடைசியில் 2022இல், இணையத்திலிருந்து வந்த கோப்புகளில் மேக்ரோ ஓடுவதை மைக்ரோசாஃப்ட் இயல்பாகவே தடுத்துவிட்டது. இறக்கிய கோப்பில் 'இது வெளியிலிருந்து வந்தது' என்று விண்டோஸ் ஒரு மறைவான அடையாளம் வைக்கும். அதைப் பார்த்துத்தான் ஆஃபீஸும், விண்டோஸின் காவலனான ஸ்மார்ட்ஸ்கிரீனும் எச்சரிக்கும். பென் டிரைவ்கள் வழக்கமாக எஃப்ஏடி அல்லது எக்ஸ்ஃபேட் வடிவில் இருக்கும். அந்த வடிவங்களில் இந்த அடையாளம் தங்காது. அதாவது நண்பர் பென் டிரைவில் கொடுத்த கோப்புக்கு, இணையத்திலிருந்து இறக்கினால் கிடைத்திருக்கும் ஒரு அடுக்குப் பாதுகாப்பும் இல்லை. மிச்சமிருந்தது ஆன்டிவைரஸ் மட்டும்தான்.

விண்டோஸ் பற்றி இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். ஆண்ட்ராய்டிலோ மேக்கிலோ ஒரு செயலி மற்ற செயலிகளின் திரையைத் தொட வேண்டுமென்றால் தனி அனுமதி கேட்கும். விண்டோஸில் அப்படி எதுவும் கேட்காது. உங்கள் கணக்கில் ஓடும் சாதாரண நிரல் எதுவானாலும், நீங்கள் அடிப்பதைக் கவனிக்கலாம், திரையைப் படம் பிடிக்கலாம், உங்கள் கோப்புகளை எல்லாம் திறக்கலாம். தமிழில் அடிப்பதற்காக நாம் நிறுவிய என்எச்எம் ரைட்டர், இகலப்பை போன்றவையும் விசைக்கும் செயலிக்கும் நடுவில் நின்று ஒவ்வொரு எழுத்தையும் பார்த்துத்தான் மாற்றித் தருகின்றன. யார் செய்தது, எங்கிருந்து இறக்கினோம் என்று பார்த்து அவற்றை நம்பினோம். அதே அளவுகோலை இங்கேயும் வையுங்கள். எங்கிருந்தோ வந்த இஎக்ஸ்இயை ஓட்டுவது, தொகை நிரப்பாத காசோலையில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது மாதிரி.

சரி, நடைமுறைக்கு வருவோம். ஆட்டோஹாட்கீயை ஆட்டோஹாட்கீ டாட் காம் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். தேடல் முடிவுகளில் மேலே விளம்பரமாக வருவதை அழுத்தாதீர்கள். பிரபலமான இலவச மென்பொருள்களின் பெயரில் போலித் தளம் போட்டு விளம்பரம் வாங்குவது பழைய தந்திரம். விண்டோஸ் 11இல் மென்பொருள்களை நிறுவ விங்கெட் என்ற கட்டளை இருக்கிறது. அதன் மூலம் நிறுவினால், இறங்கிய கோப்பு அதன் பட்டியலில் பதிவான கோப்புதானா என்று ஹாஷ் எண்ணை (கோப்பின் கைரேகை போன்றது) ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் நிறுவும். 2.0 வகையைத் தேர்ந்தெடுங்கள். அது 2022 டிசம்பரில் வந்தது. பழைய 1.1 வகைக்கு ஆதரவு நின்றுவிட்டது. இணையத்தில் கிடக்கும் உதாரணங்களில் பல பழைய வகைக்கு எழுதியவை, அவை புதியதில் பிழை காட்டும். தொடங்குகிறவர்கள் அலுத்துப் போய்க் கைவிடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பிழை உங்களுடையது என்று நினைத்துவிடாதீர்கள்.

ஆன்டிவைரஸ் தொந்தரவு செய்கிறது என்று அதை நிறுத்தச் சொல்லும் வீடியோக்கள் நிறைய உண்டு. நிறுத்தாதீர்கள். டவுன்லோட்ஸ் ஃபோல்டர் முழுவதையும் விதிவிலக்கில் சேர்க்கவும் வேண்டாம். ஸ்கிரிப்டை இஎக்ஸ்இ ஆக்காமல் எழுத்துக் கோப்பாகவே வைத்து ஓட்டினால், பெரும்பாலும் எச்சரிக்கையே வராது. சந்தேகமான கோப்பை, பல ஆன்டிவைரஸ்கள் கொண்டு சோதிக்கும் வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றிப் பார்ப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் அங்கே ஏற்றுவது பாதுகாப்பு நிறுவனங்கள் பலவற்றுடன் பகிரப்படும். எனவே நிறுவல் கோப்பை ஏற்றலாம். வாடிக்கையாளரின் பில்லையோ பேலன்ஸ் ஷீட்டையோ ஏற்றக் கூடாது.

நண்பரிடம் இஎக்ஸ்இக்குப் பதிலாக மூல ஸ்கிரிப்டைக் கேளுங்கள். தயக்கமில்லாமல் கொடுப்பார். வாங்கி நோட்பேடில் திறந்து வாசியுங்கள். நிரல் தெரியாதே என்றால், எல்லா வரியும் புரிய வேண்டியதில்லை. கண்ணை நிறுத்த வேண்டிய சில சொற்களைத் தெரிந்துகொண்டாலே போதும். ரன் என்று தொடங்கும் வரி வேறு நிரலைத் திறக்கும். டவுன்லோட் இணையத்திலிருந்து எதையாவது இறக்கும். ஃபைல்டெலீட் கோப்பை அழிக்கும். ரெஜ்ரைட் விண்டோஸின் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் எழுதும். இன்புட்ஹுக் நீங்கள் அடிப்பதைச் சேகரிக்கும். டிஎல்எல்கால், காம்ஆப்ஜெக்ட் இரண்டும் விண்டோஸின் உள்பகுதிகளையும் மற்ற மென்பொருள்களையும் நேரடியாகக் கூப்பிடும். இன்க்ளூட் என்ற வரி இன்னொரு ஸ்கிரிப்டைச் சேர்த்துக்கொள்ளும். அப்போது அந்தக் கோப்பையும் வாசிக்க வேண்டும். இவை இருந்தாலே தப்பு என்றில்லை. பில்லுக்குப் பெயர் மாற்றும் ஸ்கிரிப்டில் டவுன்லோட் எதற்கு என்று கேட்கத் தோன்ற வேண்டும், அவ்வளவுதான். பக்கம் பக்கமாக அர்த்தமில்லாத எழுத்து வரிசை இருந்தால் யோசிக்கவே வேண்டாம், மூடிவிடுங்கள். யாரோ எதையோ மறைத்திருக்கிறார்கள்.

இப்போது செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு ஸ்கிரிப்ட் வாங்குகிறவர்கள் நிறைய. அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, தொடங்குகிறவர்களுக்கு நல்ல துணைதான். பழைய, புதிய வகைகளைக் கலந்து கொடுத்துவிடும் என்பதால் எந்த வகை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கிடைத்ததை அதனிடமே வரி வரியாக விளக்கச் சொல்லுங்கள். புரியாத வரி இருந்தால் அது இல்லாமல் எழுதித் தரச் சொல்லுங்கள். கேள்வியில் உண்மையான ஜிஎஸ்டி எண், பான் எண், வாடிக்கையாளர் பெயர் எதையும் ஒட்டாதீர்கள். கற்பனைப் பெயர்களை வைத்தாலும் ஸ்கிரிப்ட் அதேதான் வரும்.

அடுத்து எது உண்மையில் பயன் தரும் என்ற கேள்வி. இங்கே நான் கொஞ்சம் ஊர் வழக்கத்துக்கு எதிராகப் பேசப்போகிறேன். நீங்கள் சொன்ன மூன்று வேலைகளில் பெரும்பகுதிக்கு ஸ்கிரிப்டே தேவையில்லை.

பெயர் மாற்றுவதை எடுத்துக்கொள்வோம். மைக்ரோசாஃப்ட்டின் பவர்டாய்ஸ் இலவசத் தொகுப்பு, திறமூலம். அதில் பவர்ரீநேம் என்று ஒன்று இருக்கிறது. கோப்புகளைத் தேர்ந்தெடுத்து வலது கிளிக் செய்தால், பழைய பெயர் ஒரு பக்கம், மாறப்போகும் பெயர் மறுபக்கம் என்று காட்டும். பார்த்துச் சரி என்றால் மட்டும் மாற்றலாம். மாற்றுவதற்கு முன்பே விளைவைக் காட்டுகிறது என்பதால்தான் இதை முதலில் சொல்கிறேன். கொஞ்சம் பழகிய பிறகு, கட்டளைகளை எழுதி ஓட்டும் விண்டோஸின் பவர்ஷெல்லுக்குப் போனாலும் அதே வசதியைத் தேடுங்கள். பெயர் மாற்றும், நகர்த்தும், அழிக்கும் கட்டளைகளின் கடைசியில் வாட்இஃப் என்ற சொல்லைச் சேர்த்தால், எதையும் செய்யாமல், செய்யப்போவதை மட்டும் பட்டியலிடும். அந்தப் பட்டியலைப் படிக்காமல் நூறு கோப்புகள் மேல் எந்தக் கட்டளையையும் ஓட்டக் கூடாது.

ஒரு ஃபோல்டரில் வந்து சேரும் எக்செல் கோப்புகளை ஒன்றாக்கும் வேலை இருந்தால், எக்செல் 2016 முதலே உள்ளே இருக்கும், தரவைத் திரட்டி ஒழுங்குபடுத்தும் பவர் கொயரி போதும். ஒரு தடவை படிகளைச் சொல்லிவிட்டால், மறுமாதம் ரிஃப்ரெஷ் ஒன்றே வேலை. அலுவலகங்களில் எக்செல் வைத்துக்கொண்டு பவர் கொயரியைத் தொடாமலே இருக்கிறவர்கள் ஏராளம். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு அடித்துக்கொள்ளும். இந்தப் பதிலில் நான் சொல்கிறவற்றில் ஒன்றை மட்டும் கற்பீர்கள் என்றால் அது பவர் கொயரியாக இருக்கட்டும்.

கணக்கு மென்பொருளில் ஏற்றுவதுதான் மிக முக்கியமானது. ஆட்டோஹாட்கீயை வைத்து எக்செலிலிருந்து ஒரு எண்ணை எடுத்து, அடுத்த ஜன்னலுக்குப் போய், டேப் அழுத்தி, ஒட்டி, என்டர் அழுத்தி என்று ஓட்டிவிட முடியும். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் நடுவில் ஒரு அறிவிப்பு ஜன்னல் எட்டிப் பார்த்தால், ஸ்கிரிப்டுக்கு அது தெரியாது. அடுத்த என்டர் அந்த ஜன்னலில் விழும். அங்கே இருந்த கேள்வி 'அழிக்கலாமா' என்பதாகவும் இருக்கலாம். அல்லது ஒரு கட்டம் தள்ளிப் போய், சிஜிஎஸ்டி இருக்க வேண்டிய இடத்தில் வேறு தொகை உட்கார்ந்துவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது, தணிக்கையில்தான் தெரியும். இந்த வகை ஆபத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. ஹேக்கர் வந்து கெடுப்பதைவிட நம் ஸ்கிரிப்டே தவறான இடத்தில் வேகமாக வேலை செய்து கெடுப்பதுதான் ஒரு கணக்கு அலுவலகத்தில் அதிகம் நடக்கக் கூடியது.

அதனால் வரிசை இப்படி வைத்துக்கொள்ளுங்கள். அந்த மென்பொருளிலேயே கோப்பாக இறக்குமதி செய்யும் வழி இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். டேலிபிரைம் கணக்கு மென்பொருளில் 4.0 முதல் எக்செலிலிருந்தே நேராக லெட்ஜர்களையும் வவுச்சர்களையும் இறக்குமதி செய்யலாம். ஜிஎஸ்டி தளம் ரிட்டர்ன்ஸ் ஆஃப்லைன் டூல் தருகிறது; விவரங்களை நிரப்பி, அந்தத் தளம் ஏற்கும் ஜேசான் வடிவக் கோப்பாக்கி ஏற்றலாம். இந்த வழிகளில் வடிவம் தவறான பதிவு இருந்தால் மென்பொருளே பெரும்பாலும் நிறுத்திக் காரணம் சொல்லும். இப்படி வழியே இல்லாதபோதுதான் விசை அழுத்தும் ஸ்கிரிப்ட். சுட்டியைத் திரையில் இந்த இடத்துக்குக் கொண்டுபோய்க் கிளிக் செய் என்று எழுதுவது கடைசிக்கும் கடைசி. திரையின் அளவு மாறினால், ஒரு அப்டேட் வந்தால், எல்லாம் இடம் மாறிவிடும். சுட்டி அசைவைப் பதிவு செய்து திரும்ப ஓட்டும் சின்ன ரெக்கார்டர்கள் தொடங்குகிறவர்களைச் சுலபமாகக் கவரும். கணக்கு ஏற்றும் வேலைக்கு அவற்றை நான் பரிந்துரைக்கவே மாட்டேன்.

ஆட்டோஹாட்கீ உண்மையிலேயே மின்னுவது எழுத்துச் சுருக்கத்தில். இரண்டு முக்காற்புள்ளி, ஒரு சுருக்கம், மீண்டும் இரண்டு முக்காற்புள்ளி, அப்புறம் விரிய வேண்டிய வாக்கியம். ஒரு வரி, அதுவே முழு ஸ்கிரிப்ட். அந்தச் சுருக்கத்தை எந்த மென்பொருளில் அடித்து ஸ்பேஸ் தட்டினாலும் முழு வாக்கியமும் விரியும். 'தங்கள் மார்ச் மாத விற்பனைப் பில்களை 5ஆம் தேதிக்குள் அனுப்பவும்' என்பது போன்ற வாக்கியங்கள், அலுவலக முகவரி, வங்கிக் கணக்கு விவரம் எல்லாவற்றையும் இப்படி வைக்கலாம். தவறாகிப் போனாலும் திரையில் தெரியும், அழித்துவிட்டு மறுபடி அடிக்கலாம், எதுவும் கெடாது. முதல் ஒரு மாதம் இதை மட்டும் செய்யுங்கள் என்பது என் யோசனை. நாளுக்குப் பத்து நிமிடம் மிச்சமானாலும் 300 வேலை நாட்களுக்கு 50 மணி நேரம். இந்தக் கணக்கை ஒவ்வொரு யோசனைக்கும் போட்டுப் பாருங்கள். மாதம் ஒரு தடவை ஐந்து நிமிடம் ஆகிற வேலைக்கு மூன்று நாள் உட்கார்ந்து ஸ்கிரிப்ட் எழுதுவது வீண்.

எழுதும்போது இரண்டு பழக்கங்கள். எந்த ஸ்கிரிப்டானாலும் உடனே நிறுத்தும் விசை ஒன்று அதில் இருக்க வேண்டும். ஆட்டோஹாட்கீயில் எக்ஸிட்ஆப் என்ற கட்டளையை எஸ்கேப் போன்ற ஒரு விசைக்குக் கொடுத்தால் போதும். கோப்பை அகற்ற வேண்டியிருந்தால் ஃபைல்டெலீட் வேண்டாம், ஃபைல்ரீசைக்கிள் எழுதுங்கள். முதலாவது ஒரேயடியாக அழித்துவிடும். இரண்டாவது ரீசைக்கிள் பின்னுக்கு அனுப்பும், திரும்ப எடுக்கலாம். சோதிப்பது எப்போதும் நகலெடுத்த ஃபோல்டரில்தான்.

சில ஜன்னல்களில் ஸ்கிரிப்ட் வேலை செய்யாது. விண்டோஸ் விஸ்டா காலம் தொட்டு, சாதாரண உரிமையில் ஓடும் நிரல், அட்மின் உரிமையில் ஓடும் ஜன்னலுக்குள் விசை அனுப்ப முடியாது. அது வேண்டுமென்றே வைத்த தடுப்புச் சுவர். ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் கொடுத்தால் வேலை செய்யும் என்று எல்லாரும் சொல்வார்கள். செய்யும், உண்மைதான். ஆனால் அதன்பின் அந்த ஸ்கிரிப்ட் கணினியில் எதையும் செய்யலாம். குறித்த நேரத்தில் நிரலை ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரில் ரன் வித் ஹையஸ்ட் பிரிவிலேஜஸ் என்ற பெட்டியைக் குறிப்பதும் இதுவேதான். நீங்கள் சொன்ன வேலைகள் எதற்கும் அட்மின் உரிமை தேவைப்படாது. தேவைப்படுகிறது என்று ஒரு ஸ்கிரிப்ட் சொன்னால், ஏன் என்று கேட்டுப் பதில் கிடைத்த பிறகு பார்க்கலாம்.

பாஸ்வேர்டு விஷயத்தில் சமரசமே கிடையாது. ஸ்கிரிப்டில் எழுதிய பாஸ்வேர்டு வெறும் எழுத்தாகவே கிடக்கும். அந்தக் கோப்பு ஒன்டிரைவுக்கும் கூகுள் டிரைவுக்கும் தானாகப் போகும், பேக்கப்பில் நிற்கும், நண்பருக்கு ஸ்கிரிப்டைப் பகிரும்போது கூடவே போகும். இஎக்ஸ்இ ஆக்கிவிட்டால் மறைந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அதிலிருந்து ஸ்கிரிப்டை மீட்டெடுப்பது சுலபம். லாகின் பெட்டியை நிரப்புவதுதான் தேவையென்றால் கீபாஸ், பிட்வார்டன் போன்ற பாஸ்வேர்டு மேலாளர்கள் அதற்காகவே இருக்கின்றன. வங்கி லாகினை மட்டும் எந்தத் தானியக்கத்திலும் சேர்க்காதீர்கள். ஓடிபியைத் தானாக எடுத்து நிரப்பும் ஏற்பாடுகள் எதுவாக இருந்தாலும் விலகி இருங்கள்.

பவர் ஆட்டோமேட் டெஸ்க்டாப்புக்கு வருகிறேன். சாஃப்டோமோட்டிவ் என்ற நிறுவனத்தை 2020இல் வாங்கி, அதன் தொழில்நுட்பத்தில் மைக்ரோசாஃப்ட் உருவாக்கியது. 2021 மார்ச் முதல் விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு இலவசம், விண்டோஸ் 11இல் கூடவே வருகிறது. எழுத வேண்டியதில்லை, செயல்களை இழுத்து வரிசையாகப் போட வேண்டியதுதான். எக்செலைத் திறப்பது, பிடிஎஃப்பிலிருந்து எழுத்தை எடுப்பது, பெயர் மாற்றுவது எல்லாவற்றுக்கும் தனித்தனிச் செயல்கள் உண்டு. ஒவ்வொரு படியாக ஓட்டிப் பார்க்கலாம், நடுவில் நிறுத்தலாம். 'இன்ன இடத்தில் கிளிக்' என்று இல்லாமல் 'இன்ன பெயருள்ள பொத்தானை அழுத்து' என்று அது புரிந்துகொள்வதால், சுட்டி ரெக்கார்டர்களைவிட எவ்வளவோ நம்பகமானது. பிடிஎஃப்புக்குள் இருக்கும் இன்வாய்ஸ் எண்ணைப் படித்து, அதையே பெயராக வைக்கும் உங்கள் வேலைக்கு, பவர்ரீநேம் போதாத இடத்தில், இதைத்தான் சொல்வேன். இன்னொரு நல்ல விஷயம்: செயல்களைத் தேர்ந்தெடுத்து நகலெடுத்து நோட்பேடில் ஒட்டினால் அவை எழுத்தாக வரும். ஆகவே இதையும் வாசிக்க முடியும்.

இலவச வகையில் நேரம் குறித்துத் தானாக ஓடவைக்க முடியாது, நாமே தொடங்க வேண்டும். சொந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் செய்தால் ஃப்ளோக்கள் (இப்படி வரிசையாகச் செய்து வைத்த செயல்கள்) உங்கள் ஒன்டிரைவில் சேமிக்கப்படும். பிரவுசரில் வேலை செய்ய அதன் எக்ஸ்டென்ஷன் வேண்டும், அது எல்லாத் தளங்களின் தரவையும் படிக்கவும் மாற்றவும் அனுமதி கேட்கும். பிரவுசர் வேலை இல்லையென்றால் போடாமல் விடுங்கள். மைக்ரோசாஃப்ட்டுடையது என்பதால் ஆன்டிவைரஸ் சத்தம் போடாது. அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் வேண்டாம். மைக்கேல் பார்குரி என்ற பாதுகாப்பு ஆய்வாளர் 2022இல் டெஃப்கான் என்ற ஹேக்கர் மாநாட்டில், ஏற்கெனவே கைவசப்பட்ட ஒரு கணினியை இதே பவர் ஆட்டோமேட் வழியாகத் தொலைவிலிருந்து ஆட்டிவைக்கலாம் என்று செய்து காட்டினார். மைக்ரோசாஃப்ட்டின் கையொப்பம் இருக்கும் நிரல் என்பதால் காவல் மென்பொருள் சந்தேகப்படாது என்பதே அந்த உத்தியின் பலம். மற்றவர் கொடுத்த ஃப்ளோவையும் படித்துவிட்டுத்தான் ஓட்ட வேண்டும்.

ஒரு இணையச் சேவையில் நடப்பதை வைத்து இன்னொன்றில் தானாக வேலை செய்யும் ஸேப்பியர், ஐஎஃப்டிடிடி போன்ற இணையவழிச் சேவைகள் பற்றிச் சுருக்கமாக. அவை உங்கள் கணினியைத் தொடுவதில்லை. உங்கள் ஜிமெயில், டிரைவ் கணக்குகளைத் தொடுகின்றன. ஒரு தடவை அனுமதி கொடுத்தால், நீங்களே திரும்பப் பெறும்வரை அது பெரும்பாலும் நிற்கும், பாஸ்வேர்டு மாற்றினாலும் போய்விட்டது என்று நம்ப முடியாது. கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் எந்தெந்தச் சேவைக்கு அனுமதி இருக்கிறது என்ற பட்டியல் உண்டு. இப்போதே போய்ப் பாருங்கள், தேவையில்லாததை எடுத்துவிடுங்கள். வாடிக்கையாளர் தரவை இந்தச் சேவைகள் வழியே அனுப்புவது அலுவலகத்தின் பொறுப்பையும் இழுக்கும். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கும் நாட்டில் அதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. கூகுள் ஷீட்டுக்குள்ளேயே முடியும் வேலை என்றால், கூகுளே தரும் ஸ்கிரிப்ட் வசதியான ஆப்ஸ் ஸ்கிரிப்ட் இவற்றைவிட மேல், தரவு வெளியே போகாது. எழுதும்போது ஒன்லி கரன்ட் டாக் என்ற குறிப்பை மேலே சேர்த்தால், உங்கள் எல்லா ஷீட்களுக்கும் இல்லாமல் அந்த ஒன்றுக்கு மட்டும் அனுமதி கேட்கும்.

கடைசியாக அலுவலக அனுமதி. கணினி உங்களுடையது இல்லை, அதில் இருக்கும் தரவு வாடிக்கையாளர்களுடையது. எதையும் நிறுவும் முன் ஆடிட்டரிடம் சொல்லிவிடுங்கள். பொத்தாம் பொதுவாகத் தானியக்கம் என்று சொன்னால் பயப்படுவார். எந்தக் கருவி, எங்கிருந்து இறக்கியது, எந்த ஃபோல்டரை மட்டும் தொடும், அட்மின் உரிமை வேண்டாம், பாஸ்வேர்டு எதிலும் இல்லை என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். பவர் கொயரியில் செய்த ஒரு மாத வேலையை முதலில் காட்டினால் பேச்சு சுலபமாகும். எதுவும் புதிதாக நிறுவாமல் செய்தது அல்லவா. ஸ்கிரிப்ட் எழுதினால், ஒவ்வொரு பகுதிக்கும் மேலே இது என்ன செய்கிறது என்று தமிழிலேயே குறிப்பு எழுதி வையுங்கள், தமிழ் எழுத்துகளை ஏற்கும் யுடிஎஃப்-8 வடிவில் கோப்பைச் சேமித்தால் ஆட்டோஹாட்கீ 2.0 அதை ஒழுங்காகவே எடுத்துக்கொள்ளும். நீங்கள் விடுப்பில் இருக்கும் நாளில் அந்த இடத்தில் உட்காருகிறவரும் அதை வாசித்துவிட்டு ஓட்ட முடியும்.